‘வராதீர்கள்’ என்ற குரு

ஒரு கண்டன உரையைக் கண்டிக்கப்பட்டவர்களே போற்றிப் பாதுகாப்பது உலகில் அரிதாக நிகழ்வது. அருட்தந்தை இவான் இல்லிச் 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் வட அமெரிக்கக் கத்தோலிக்க மாணவர்களின் மாநாட்டில் ஆற்றிய உரைக்கு அந்தப் பேறு வாய்த்தது. கோடை விடுமுறையில் மெக்சிகோவின் சிற்றூர்களுக்குத் தொண்டு செய்யப் புறப்படவிருந்த இளைஞர்கள் அவர்கள். அவர்களிடம் அவர் கூறியதன் சாரம் ஒன்றே: வராதீர்கள். நல்லெண்ணங்களை நரகத்துக்கு அனுப்பும் தலைப்புடன் அவ்வுரை அச்சில் பரவியது. இன்று அயல்நாட்டுத் தொண்டுப் பயிற்சிக்கு இளைஞரை அனுப்பும் கல்லூரிகளும் கிறிஸ்தவ அமைப்புகளும் பல, புறப்படும் முன் படிக்கவேண்டிய பாடமாக இதனையே கையில் கொடுக்கின்றன. போகாதே என்னும் உரையைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள்.

இதைக் கண்டு நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அவ்வுரை இன்றும் ஏன் சுடுகிறது, எந்த இடத்தில் அது தன் வாக்கையே கைவிட்டு விடுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. கற்பவராகச் செல்கிறோம் என்று இன்று எல்லாரும் சொல்லப் பழகிவிட்ட காலத்தில் இப்பார்வை மேலும் தேவைப்படுகிறது.

முதலில் அவர் யார் என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1926இல் வியன்னாவில் பிறந்த இல்லிச், உரோமையில் மெய்யியலும் இறையியலும் பயின்று 1951இல் குருவானார். அதே ஆண்டில் நியூயார்க் நகருக்குச் சென்று, போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து குடியேறிய ஏழை மக்கள் நிறைந்த பங்கு ஒன்றில் உதவிக் குருவாகப் பணியாற்றினார். 1956இல் அத்தீவின் பொன்சே நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவரானார். 1961இல் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில், இலத்தீன் அமெரிக்காவுக்கு வரும் மறைப்பணியாளருக்கு ஸ்பானிய மொழியும் அந்நாட்டுப் பண்பாடும் கற்பிக்கும் நடுவம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில்தான், திருத்தந்தை 23ஆம் யோவானின் பெயரால், பேரருட்திரு அகொஸ்தீனோ கசரோலி அமெரிக்கத் துறவற சபைகளிடம் ஒரு வேண்டுகோளை வைத்தார். அவர்கள் தம் உறுப்பினருள் பத்தில் ஒரு பங்கினரை அடுத்த பத்தாண்டுகளில் இலத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டும் என்பதே அது. அந்தப் பெருவெள்ளம் வந்து சேரும் கரையில் இல்லிச் நின்றார். வந்தவர்களுக்கு மொழி கற்பித்தார். வரத் தகாதவர்கள் என்று தமக்குப் பட்டவர்களைத் திருப்பி அனுப்பவும் முயன்றார். 1967 சனவரியில் ‘அமெரிக்கா’ என்னும் இயேசு சபை வார இதழில் இந்த ஏற்பாடு முழுவதையும் அவர் வன்மையாகத் தாக்கி எழுதினார். மறு ஆண்டில் மாணவர்முன் நின்றபோது, அவர் கோபம் முற்றிக் கனிந்திருந்தது எனலாம்.

உரையின் வாதம் எளியது. நீங்கள் செல்லும் ஊரின் மொழி உங்களுக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் செய்வது என்னவென்றும், அம்மக்கள் உங்களைப்பற்றி நினைப்பது என்னவென்றும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. நீங்கள் எடுத்துச் செல்வது உதவி என்று எண்ணுகிறீர்கள். உண்மையில் உங்கள் நாட்டு நடுத்தர வகுப்பின் வாழ்க்கைமுறையை விடுமுறையில் விற்கச் செல்லும் முகவர்கள் நீங்கள். பணி செய்ய விருப்பமா? உங்கள் நாட்டு ஏழைகளிடையே செய்யுங்கள். அங்கே நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியும். உங்களைப் போ என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டு பதினாறு நாட்களே ஆகியிருந்தன. அமெரிக்க நகரங்கள் பற்றி எரிந்து ஓய்ந்திருந்தன. அந்தச் சூழலில் கேட்டவர்களுக்கு இந்த இறுதி வாதம் எத்தகைய அடியாக விழுந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

இவற்றிலெல்லாம் ஆழமானதாக எனக்குப் படுவது வேறொன்று. அது உரையின் ஓரத்தில், போகிற போக்கில் வருகிறது. தொண்டு பயனளிக்காவிட்டாலும் அங்குப் போய்த் தானே நம் அறியாமையை உணர்ந்துகொண்டோம், நம் கண்கள் திறந்தன என்று திரும்பி வந்தவர்கள் சொல்வதுண்டு. தாம் தொண்டராகப் போயிருக்கவே கூடாது என்ற ஞானம் ஒருவருக்குக் காலந்தாழ்ந்து பிறப்பதற்கு ஒரு கிராமம் விலை கொடுக்கவேண்டுமா என்று இல்லிச் கேட்கிறார்.

இக்கேள்வி கற்கும் மனநிலையின் வேரையே தொடுகிறது. உதவ வருகிறேன் என்பவரைவிடக் கற்க வருகிறேன் என்பவர் தாழ்மையுள்ளவர் என்று நாம் உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அந்தக் கல்வியின் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்பதில்லை. எட்டு வாரம் வந்து தங்குபவருக்கு அறை ஒதுக்கவேண்டும்; அவர் வயிற்றுக்கு ஒத்த உணவு தேடவேண்டும்; மொழி பெயர்க்க ஓர் ஆளை அவர் வேலையிலிருந்து பிரித்துவிடவேண்டும். விடுதிக் குழந்தைகள் அவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அவர் கையசைத்து விடைபெற்றபின் அடுத்தவர் வருமுன் தேற்றப்படவேண்டியவர்களும் அவர்களே. அவரோ வறுமையைக் கண்ட அனுபவத்தைத் தம்முடன் எடுத்துச் செல்கிறார். அது அவருடைய கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரியாகவும், திருப்பலிக்குப்பின் ஓர் உரையாகவும் பயன்படுகிறது. ஏழையிடமிருந்து நிலத்தையும் உழைப்பையும் எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். இப்போது பாடத்தையும் எடுத்துக்கொள்கிறோம். இதனைச் சொல்லத் துணிந்ததால்தான் அந்த உரை இன்னும் சாகவில்லை.

இனி அதன் குறையைப் பார்ப்போம். உரை முழுவதையும் வரிவரியாகத் தேடினாலும் மெக்சிகோவின் சிற்றூர்க்காரர் ஒருவரின் குரலை நாம் கேட்பதில்லை. அம்மக்களால் உங்களுக்கு மறுமொழி கூற இயலாது என்கிறார் இல்லிச்; ஆனால் இல்லிச்சுக்கு அவர்கள் மறுமொழி கூற இடம் எங்கே? ஆஸ்திரியாவில் பிறந்து உரோமையில் பயின்ற ஒரு குரு, அமெரிக்க மாணவரிடம், மெக்சிகோ மக்களின் சார்பில் பேசுகிறார். தாமும் அந்நாட்டில் அயலார் என்பதை அவர் அறியாதவரல்லர். அவரிடம் ஸ்பானியம் படித்த மாணவர்கள் எத்தனையோ பேரை, அடுப்படியில் திருத்தி, கடைத்தெருவில் சிரித்து, பேசவைத்த பெண்களும் கடைக்காரர்களும் அந்நகரில் இருந்திருக்க வேண்டும். அவர்களுள் ஒருவரும் இவ்வுரைக்குள் நுழையவில்லை. ஊமையான மக்கள் என்று ஒரு படத்தை வரைந்துகொண்டு, அந்த ஊமைகளுக்காக ஒருவர் முழங்குவது, அவர் கண்டிக்கும் தொண்டரின் மனப்பாங்குக்கு அத்துணைத் தொலைவில் இல்லை.

இதைவிட வியப்பான ஒன்று உரையின் தொடக்கத்திலேயே உள்ளது. அந்த மாணவர்களிடம் தாம் மெச்சத்தக்கதாகக் கண்ட ஒன்றை அவர் அங்கே குறிப்பிடுகிறார். இலத்தீன் அமெரிக்காவில் ஒருவர் மனமுவந்து ஏற்கத்தக்க பணி ஒன்று உண்டென்றால், அது வலிமையைத் துறந்து, பெறுபவராக, அன்பினால் தத்தெடுக்கப்படுபவராக, பெற்றதைத் திருப்பித்தர எவ்வழியும் அற்றவராக அங்கு இருப்பதேயாகலாம் என்று அவர்களுள் சிலர் உணரத் தொடங்கியிருந்தனர். இது எத்துணைப் பெரிய உண்மை! இதன்மேல் ஒரு முழு இறையியலையே கட்டலாம். ஆனால் இதைச் சொன்ன கையோடு இல்லிச் அம்மாணவரின் போலித்தனத்தைச் சாடத் தொடங்கிவிடுகிறார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் மீண்டும் திரும்புவதேயில்லை. உரை முடியும்போது, பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்கிறார். பெறுபவராக வாருங்கள் என்று தொடங்கியவர், சுற்றுலாப் பயணியாக வாருங்கள் என்று முடிக்கிறார். கோபம் சிந்தனையைவிட வேகமாக ஓடியதன் விளைவு இது.

அந்த வாக்கியத்தின் விரிவுரையை அவரே முன்பு எழுதியிருந்தார் என்பதுதான் விந்தை. மௌனத்தின் பேச்சுவன்மையைப் பற்றிய அவருடைய சிறு கட்டுரை ஒன்று உண்டு. போர்ட்டோ ரிக்கோ மக்களிடையே பணிபுரிய ஸ்பானியம் பயின்றவர்கள் மாலைதோறும் ஒரு மணி நேரம் மௌன செபத்தில் கூடுவார்கள். அதன் தொடக்கத்தில் தியானத்துக்காக அவர் கூறியவற்றை ஒருவர் குறித்துவைத்ததே அக்கட்டுரை. புகழில் 1968ஆம் ஆண்டு உரைக்கு அது நிகராகாது. ஆழத்தில் அதனை விஞ்சுகிறது என்பது என் கருத்து.

ஒரு மொழியைக் கற்பதென்றால் அதன் ஒலிகளைவிட அதன் மௌனங்களைக் கற்பதே கடினம் என்பது அதன் மையக் கருத்து. எப்போது பேச்சை நிறுத்துகிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், எந்த இடைவெளி சம்மதம், எந்த இடைவெளி மறுப்பு என்பதை எந்த இலக்கண நூலும் சொல்லித்தராது. இதை நம் மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ‘பார்க்கலாம்’ என்று நம்மவர் சொல்லிவிட்டு நிறுத்தும்போது அதற்கு என்ன பொருள் என்பதைத் தமிழ் இலக்கணத்தில் பட்டம் பெற்ற வெளிநாட்டவரும் அறியமாட்டார். நம் தெருவில் விளையாடும் ஏழு வயதுச் சிறுவன் அறிவான்.

வளர்ந்த ஒருவர் அயல்மொழியை முறையாகக் கற்பது, வறுமையையும் வலுவின்மையையும் பிறர் தயவில் வாழ்வதையும் உண்மையாகவே அனுபவிக்கும் அரிய வாய்ப்புகளுள் ஒன்று என்றும் இல்லிச் கூறுகிறார். பட்டம் பெற்றவர், பலரை நடத்தியவர், ஒரு குவளைத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் குழந்தைபோல் நிற்கிறார். பிறர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தத்தை ஏற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ‘ஏழைகளோடு ஏழையாக’ என்று நாம் மறையுரைகளில் எளிதாகச் சொல்லும் சொற்றொடருக்கு இங்கே உடலும் முகமும் கிடைக்கின்றன.

மூன்றுவகை மௌனங்களை அக்கட்டுரை எடுத்துரைக்கிறது: கேட்பவரின் மௌனம், சொல் பிறப்பதற்காகக் காத்திருப்பவரின் மௌனம், சொற்களுக்கு அப்பாற்பட்ட அன்பின் மௌனம். இரண்டாவதற்கு வானதூதரின் செய்திக்குப்பின் வார்த்தையானவரைத் தம் வயிற்றில் தாங்கியிருந்த அன்னை மரியாவையும், இறுதியில் மகனின் உடலை மடியில் ஏந்திய அதே அன்னையையும் அவர் நினைவுகூர்கிறார். அழகான தியானம். முதல் மௌனத்தைப் பெண்மைக்குரிய செயலற்ற தன்மை என்று அவர் வருணிப்பது மட்டும் இன்று உறுத்துகிறது. அது நற்செய்திக்கும் ஒவ்வாதது. லூக்கா காட்டும் மரியா வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் அல்லர். இது எப்படி நிகழும் என்று வானதூதரையே கேட்டவர். கற்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அதற்கான பதில் தமக்கு வசதியாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமைதான் இல்லை.

இதையே ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை அனுப்பியபோது விதித்த நெறிமுறையில் காண்கிறோம் (லூக்கா 10). பணப்பை வேண்டாம், பை வேண்டாம், மிதியடி வேண்டாம் என்கிறார். வீடு வீடாய் மாறாமல் ஒரே வீட்டில் தங்கி, அவர்கள் தருவதை உண்ணச் சொல்கிறார். இந்தக் கட்டளைகளைத் துறவு ஒழுக்கமாக மட்டும் பொருள்கொள்வது நம் வழக்கம். ஆனால் அவற்றின் நடைமுறை விளைவு என்ன? அனுப்பப்பட்டவர் முதல் நாள் மாலையிலேயே அந்த ஊராரின் கையை எதிர்பார்த்து நிற்கிறார். அவர் கொடுக்குமுன் பெறவேண்டியவராகிறார். ஏற்றுக்கொள்ளாத ஊரும் இருக்கலாம். அப்போது காலில் ஒட்டிய தூசியை உதறிவிட்டு வெளியேறவேண்டும். அதாவது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவ்வூருக்கு முதலிலேயே அளிக்கப்பட்டுவிட்டது. இல்லிச் அம்மாணவரிடம் எதிர்பார்த்ததும் இதுவே. ஆனால் அவர் இந்த நற்செய்திப் பகுதியை நோக்கி உரையைத் திருப்பியிருந்தால், வராதீர்கள் என்று முடித்திருக்க முடியாது. பையில்லாமல் வாருங்கள் என்றுதான் முடித்திருப்பார்.

அப்படி வந்தவர் யாரேனும் உண்டா? இல்லிச் பேசிய அதே வகுப்பில் பிறந்த ஒரு பெண்ணை நினைக்கிறேன். 1953இல் பிறந்த ஜீன் டோனவன், வணிக மேலாண்மை பயின்று, க்ளீவ்லாந்து நகரில் பெரிய கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் நல்ல ஊதியத்தில் இருந்தவர். பொதுநிலையினர். க்ளீவ்லாந்து மறைமாவட்டம் 1964 முதல் எல் சால்வதோர் நாட்டுக்குப் பணியாளரை அனுப்பி வந்தது; அக்குழுவில் சேர்ந்து 1979இல் அங்குச் சென்றார். கணக்கு எழுதவும் உணவுப் பொருள் பகிரவும் போனவர் அவர். சான் சால்வதோர் பேராலயத்தில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவின் மறையுரைகளைக் கேட்டார். உள்நாட்டு வன்முறை முற்றியபோது வேலை அவர் தெரிந்துவைத்திருந்ததாக இருக்கவில்லை: அகதிகளை வண்டியில் ஏற்றிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்வதும், சாலையோரம் வீசப்பட்ட உடல்களை அடக்கம் செய்ய உதவுவதும் ஆயிற்று. 1980 மார்ச் 24இல் ரொமேரோ பலிபீடத்தருகே சுடப்பட்டார். அவ்வாண்டு விடுப்பில் அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற ஜீன் அங்கேயே தங்கியிருக்கலாம், திரும்பினார். பலமுறை போய்விட எண்ணியும் குழந்தைகளை நினைத்து அதனைக் கைவிட்டதாக இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு ஒரு நண்பருக்கு எழுதினார். டிசம்பர் 2ஆம் நாள், அருட்சகோதரியர் டாரத்தி கேசல், ஐட்டா ஃபோர்ட், மோரா கிளார்க் ஆகியோருடன் தேசியக் காவற்படையினரால் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27.

(இல்லிச் ஜெர்மனியின் பிரெமன் நகரில் மறைந்ததும் 2002ஆம் ஆண்டில் அதே டிசம்பர் 2ஆம் நாள்தான்.)

அவர் மறைசாட்சியாக இறந்ததைக் காட்டி இல்லிச்சை வெல்ல முயல்வது நேர்மையாகாது. இறந்துபோனவர் எல்லா வாதத்திலும் வென்றுவிடுவார். நான் சுட்ட விரும்புவது, அவருடைய பணி என்ன என்பதைத் தீர்மானித்தவர் அவரல்லர் என்பதையே. கொண்டுசென்ற திறமை ஒருபுறம் கிடக்க, அம்மக்களின் தேவையும் அத்தலத்திருச்சபையின் குரலும் அவரை வேறு வேலைக்கு நிறுத்தின. அவர் அதற்கு இசைந்தார். கற்பவர் என்பவர் யார் என்று கேட்டால், தாழ்மையான உள்ளம் கொண்டவர் என்று விடை சொல்லிவிடலாம். உள்ளத்தை யார் அளப்பது? இடத்தை அளக்கலாம். அவரைத் திருத்தவும், வேறு வேலையில் போடவும், திருப்பி அனுப்பவும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அந்த அதிகாரம் அனுப்பிய அமைப்பிடமே இருக்கும்வரை, அவர் எவ்வளவு பணிவாக நடந்துகொண்டாலும் விருந்தாளிதான்.

காலமும் ஒரு பொருட்டு. நம் மண்ணில் இதற்கொரு சான்று உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தமிழையும் தெலுங்கையும் கற்று, சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். அவர் கையாண்ட முறைகளைப்பற்றிய வழக்கு அவர் காலத்திலேயே எழுந்தது, இன்றும் ஓயவில்லை; சாதி வேற்றுமையை அவர் ஏற்றுக்கொண்ட விதத்தை நான் ஒப்பவில்லை. ஆனால் அவர் 1656இல் மயிலாப்பூரில் இறந்தார். ஐம்பது ஆண்டுகள். கற்றுக்கொடுத்தவர்களுக்கு அந்த மாணவர் என்ன ஆனார் என்பது தெரியும். எட்டு வார மாணவரின் ஆசிரியருக்கு அது ஒருபோதும் தெரிவதில்லை.

எட்டு வாரத்தில் ஒன்றுமே இயலாது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட நற்செய்திப் பணி பற்றிய விதித்தொகுப்பு, வேற்று மக்களிடம் செல்வோர் அவர்தம் மொழியையும் வரலாற்றையும் சமூக அமைப்பையும் பழக்கவழக்கங்களையும் கற்கவேண்டுமென்று பணிக்கிறது. குறுகிய காலப் பயிற்சியாளர்களிடம் இவையனைத்தையும் எதிர்பார்க்கவியலாது. குறைந்த காலத்துக்கு வருபவர் குறைந்த வேலையை ஏற்கலாம்: வகுப்பெடுக்காமல் வகுப்பில் அமரலாம், திட்டம் தீட்டாமல் பாத்திரம் துலக்கலாம். ஜெர்மனி அரசு 2008இல் தொடங்கிய ‘வெல்ட்வெர்ட்ஸ்’ திட்டம், 18 முதல் 28 வயது வரையுள்ள இளைஞரை ஆறு முதல் இருபத்துநான்கு மாதங்கள் வரை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. அனுப்பும் அமைப்புகளுள் திருச்சபை சார்ந்தவையும் பல. தென்னாட்டுத் துறவற இல்லங்களிலும் அத்தகைய இளைஞரைக் காண்கிறோம். 2013 முதல் எதிர்த்திசையிலும், அதாவது இந்நாடுகளின் இளைஞர் ஜெர்மனியில் சென்று பணியாற்றவும் அத்திட்டத்தில் இடம் உண்டாயிற்று. யாருடைய வீட்டில் யார் விருந்தினர், யார் மாணவர் என்பது இப்படி மாறி மாறி அமைவதே முறை.

இவ்விடத்தில் நம்மவரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டியிருக்கிறது. கிராமத்தார் வாய்பேச இயலாதவர் என்று இல்லிச் எண்ணினார். நாம் இயலாதவர் அல்லர், பேசாதவர். பங்குக்கு ஒரு வெள்ளைக்கார இளைஞர் வந்துவிட்டால் பொன்னாடை போர்த்துகிறோம். முன்வரிசையில் நாற்காலி இடுகிறோம். கிளைப்பங்கில் உபதேசியார் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் மறைக்கல்வி வகுப்பை நிறுத்திவிட்டு, மொழி தெரியாத பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பேசவைத்துக் கைதட்டுகிறோம். அவர் செய்வது பயனற்றது என்று தெரிந்தாலும், மனம் நோகும் என்று சொல்லாமல் விடுகிறோம். சிலவேளை, அவருக்குப் பின்னால் ஏதேனும் நிதியுதவி வரக்கூடும் என்றும் விடுகிறோம். கற்க வந்த பிள்ளைக்கு ஆசிரியர் கிடைக்காமல் போவது இப்படித்தான். விருந்தோம்பல் நம் பண்பு, ஐயமில்லை. விருந்தாளியிடம் உண்மை பேசாதிருப்பது அப்பண்பின் பகுதியா என்பது ஐயத்துக்குரியது.

பயிற்சி முடிந்ததும் ஒரு மதிப்பீட்டுத் தாள் நிரப்பப்படுகிறது. பெரும்பாலும் அதனை நிரப்புபவர் பயிற்சியாளர். தாம் கற்றது என்ன என்று எழுதுகிறார். சில இடங்களில் இல்லத்தின் தலைவரும் நான்கு நல்ல சொற்களை எழுதிக் கையொப்பமிடுகிறார். அப்பிள்ளைக்குச் சோறு வடித்துப்போட்டு, கையால் உண்ணக் கற்றுக்கொடுத்து, ‘தண்ணி’ என்ற சொல்லை ஒழுங்காக உச்சரிக்க வைத்த சமையல்காரப் பெண்மணியிடம் அந்தத் தாளைக் கொடுத்து, அவர் சொல்லச்சொல்ல ஒருவர் எழுதி, அதை மொழிபெயர்த்து அனுப்பினால், அனுப்பிய அமைப்புக்குப் படிக்க ஏதேனும் கிடைக்கும்.